கணித மேதை இராமானுஜனும் பின்னக் கோடும்

ஒன்று, சாய்கோடு, இரண்டு, கூட்டல், மூன்று என்று கணினியில் தட்டுகிறோம். விடை மூன்றரையா, ஐந்தில் ஒன்றா? விதிப்படி மூன்றரையே. ஐந்தில் ஒன்றைக் கருதியவர் அடைப்புக்குறி இட மறந்தால் கணக்கே பிழையாகும். தொகுதியை மேலும் பகுதியைக் கீழுமாக எழுதி நடுவே கோடிட்டால் ஐயமே எழாது. பண்டைய பாரதக் கணிதர் கோடின்றியே பின்னம் எழுதினர். அக்கோட்டை நாம் நாளும் செவிமடுக்கும் அரபு மொழியில், 12ஆம் நூற்றாண்டில் அல் ஹஸ்ஸார் இயற்றிய நூலில் காண்கிறோம்.

அந்தக் கோட்டைப் படிக்கட்டாகவே அடுக்கியவர் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். துணிக்கடைக் கணக்கரின் மைந்தர். பிற பாடங்களில் நாட்டமின்றிக் கல்லூரித் தேர்வில் தோற்றார். தாள் வாங்க வசதியில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

அவர் பெரிதும் விரும்பியவற்றுள் ஒன்று தொடர் பின்னம். ஒரு பின்னத்தின் பகுதிக்குள் மற்றொரு பின்னம், அதன் பகுதிக்குள் இன்னொன்று என அது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த அந்நாளில் ஒரு படிக்கே மூன்று அடுக்கு வேண்டும். ஐந்து படியென்றால் அச்சுக்கோப்பவர் பாட்டைக் கேட்கவே வேண்டாம்! ஆகவே கூட்டல் குறியைக் கீழே தாழ்த்தி, படிகளை ஒரே வரிசையில் கிடத்தும் உத்தியை அச்சகத்தார் கையாண்டனர்.

இராமானுஜனின் முதற்கட்டுரை 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. அவர் எழுத்து மிகச் சுருக்கமாக இருந்தமையால், பிறருக்கு விளங்கும் வரை ஆசிரியர் நாராயண ஐயங்கார் படியைப் பன்முறை திருப்பியனுப்ப நேர்ந்தது. மேதைக்கும் இது தேவைப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அதிலிருந்த தொடர் பின்னங்களை நிறுவ இயலாத ஹார்டி, இவை உண்மையாகவே இருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார். 1914இல் கடல் கடந்த இராமானுஜன், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுற்றுத் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

அவருடைய குறிப்பேடுகளை 1957இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டபோது எழுத்துக் கோக்கவில்லை. பக்கங்களை ஒளிப்படமாகவே அச்சிட்டது. 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடைத்த இறுதிக்காலத் தாள்களும் 1988இல் அவ்வாறே நூலாயின. இராமானுஜன் தம் கையால் இழுத்த பின்னக் கோடுகளை அவற்றில் நாம் காணலாம்.