தூண்டில் நூல் தந்த வால்ற்றன்

ஆங்கில உரைநடை பயில்வோர் ஐசாக் வால்ற்றனைக் கடந்து செல்லுதல் அரிது. தூண்டிலிட்டு மீன் பிடித்தலைப் பொருளாகக் கொண்ட அவர் நூல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிப்புப் பல கண்டு வருகின்றதெனின், அவர் வரலாறும் அறியத்தக்கதன்றோ?

1593இல் ஸ்ரபோர்ட் நகரிற் பிறந்த வால்ற்றன் பல்கலைக்கழகம் புகாதவர். இலண்டனிலே துணி வாணிகஞ் செய்தவர். முதன் மனைவியார் ஈன்ற மக்கள் எழுவரும் இளமையிலேயே மாண்டனர். 1640இல் அவ்வம்மையாரும் மறைந்தார். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் சார்ந்த மன்னர் பக்கம் தோற்றது; 1649இல் முதலாம் சாள்ஸ் மன்னன் தலையிழந்தான். இத்துணைத் துயர்க்கும் பின்னர், 1653இல், ஆற்றங்கரையின் அமைதியைப் பாடுபொருளாக்கி வெளிவந்ததே அந்நூல். நிறைவுற்ற தூண்டிற்காரர் என்பது அதன் பெயரின் பொருள்.

ட்ரவுட் என்பது குளிர்ந்த தெளிநீரில் வாழும் மீன். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியா ஓடைகளிற் கொணர்ந்து விட்டதும் இம்மீனே. நீர்மேல் வீழும் பூச்சிகளை அது உண்ணும். ஆதலின் இறகும் பட்டுநூலுங் கொண்டு தூண்டின் முள்ளிற் பூச்சியின் உருவைக் கட்டி அதனைப் பிடிப்பர். வால்ற்றனோ மண்புழு முதலிய மெய்யிரைகளில் வல்லவர். போலிப்பூச்சிக் கலையில் அத்துணைத் தேர்ச்சியிலர். இதனை அவர் மறைத்தாரல்லர். அப்பகுதிக்குத் தாமஸ் பார்க்கர் என்னுஞ் சமையல் வல்லாருக்குக் கடன்பட்டமையை முதற் பதிப்பிலேயே கூறினார். சால்மன் மீனின் சினைக்கு ட்ரவுட் மயங்கும் என்னும் மறைபொருளைப் பின்னர்த் தம் நூலில் வெளியிட்டவரும் அப்பார்க்கரே. இன்று நூற்பந்தினாற் சினையின் போலி செய்து எறிவோரும் அம்மயக்கத்தையே நம்புகின்றனர்.

ஐந்தாம் பதிப்பு 1676இல் வெளிவந்தது. அப்பொழுது வால்ற்றனுக்கு அகவை 83. போலிப்பூச்சியால் ட்ரவுட் பிடிக்கும் முறையை அப்பதிப்பில் இரண்டாம் பாகமாக எழுதிச் சேர்த்தவர் சாள்ஸ் கொட்டன் என்னுங் கவிஞர். அவர் வால்ற்றனினும் 37 ஆண்டு இளையவர். அவரைத் தந்தையாகவே போற்றியவர். டவ் ஆற்றங்கரையில் 1674இல் அவர் கட்டிய தூண்டின் மனையின் வாயிலில் இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் பின்னிப் பொறிக்கப்பெற்றுள்ளன. அம்மனை இன்றும் நிற்கின்றது.

1683இல் வால்ற்றன் வின்செஸ்ரர் நகரிற் காலமானார். அந்நகர்ப் பேராலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். நிறைவு என்னுஞ் சொல்லைத் தம் நூற்பெயரிற் பொறித்த அவர், தம் குறையை அறிந்து இளையவர் கைக்கு இடமளித்தார். அதனாலன்றோ அப்பெயர் மெய்யாயிற்று!