சீர்காழி முன்சீப் வேதநாயகம் பிள்ளை: பெரியவர்களுக்குச் சமத்துவப் பாடம் எடுத்தவர்

தமிழின் முதல் நாவலை எழுதியது யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சட்டுன்னு சொல்லிவிடுவார்கள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. ஆனா அந்த ஒரு வரியோடு நிறுத்தினால், அவர் செய்த இன்னொரு வேலை விட்டுப்போகும். நீதிபதி, வக்கீல், அப்பா, கணவன் என்று அதிகாரம் கையில் இருக்கிறவர்களுக்கு எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லிக்கொடுத்ததுதான் அந்த வேலை.

யார் இவர்?

1826 அக்டோபர் 11-ம் தேதி, திருச்சி பக்கத்தில் உள்ள குளத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் நன்றாகப் படித்தார். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளர் வேலை, அப்புறம் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும், அதாவது இன்றைய மயிலாடுதுறையிலும், அதே பதவியில் இருந்தார்.

முன்சீப் என்றால் கீழ்நிலை சிவில் நீதிபதி. காவிரி டெல்டாவில் வயல் தகராறு, கடன், பாகப்பிரிவினை என எந்த வழக்காக இருந்தாலும் ஜனங்கள் முதலில் ஏறுகிற படி அந்தக் கோர்ட்தான்.

கோர்ட்டில் என்ன சிக்கல்?

வழக்கு போடுகிறவருக்குத் தெரிந்தது தமிழ். ஆனா மேல் கோர்ட் தீர்ப்புகள் இருந்தது ஆங்கிலத்தில். முன்பு இதே மாதிரி வழக்கில் என்ன முடிவு வந்தது என்பது ஆங்கிலம் படித்த சிலருக்குத்தான் தெரியும். சட்டம் எல்லோருக்கும் பொதுன்னு சொன்னாலும், அது புரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

வேதநாயகம் பிள்ளை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1805 முதல் 1861 வரை சென்னை சதர் கோர்ட் கொடுத்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் கொண்டுவந்தார். 'சித்தாந்த சங்கிரகம்' என்பது அந்த நூலின் பெயர். தமிழ் மட்டும் தெரிந்தவரும் சட்டத்தைப் படிக்க ஒரு கதவு திறந்தது.

பின்னாளில் நாவலிலும் இதைத் தொட்டார். நீதிபதிக்கும் தமிழ் தெரியும், வக்கீலுக்கும் தமிழ் தெரியும். அப்படியிருந்தும் கட்சிக்காரருக்குப் புரியாத ஆங்கிலத்தில் வாதாடுகிற வழக்கத்தை அதில் நன்றாகவே கிண்டல் செய்திருக்கிறார்.

பெண் கல்விக்கு என்ன செய்தார்?

1869 வாக்கில் பெண் கல்வி பற்றித் தனியாகவே எழுதினார். பெண்ணைப் படிக்கவைக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கிய காலம் அது. படித்தால் கெட்டுப்போவாள் என்பது போன்ற பயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, காரணம் காட்டி மறுத்தார். படிக்க வேண்டியவள் சிறுமிதான். ஆனா முடிவெடுப்பவர் அப்பா. அதனால் அந்த அப்பாவின் மனதை மாற்றுவதுதான் அவர் வேலையாக இருந்தது.

'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வரும் ஞானாம்பாள் படித்தவள். ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். கதாநாயகனைவிட அவளே கெட்டிக்காரி.

மதம் குறுக்கே வந்ததா?

சீர்காழி திருஞானசம்பந்தர் பிறந்த ஊர். அங்கே ஒரு கிறிஸ்தவ நீதிபதி. அவருடைய நெருங்கிய நண்பர் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் பாடிய 'சீகாழிக் கோவை' அரங்கேறியது, இவர் அங்கே முன்சீப்பாக இருந்தபோதுதான். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் மீது வேதநாயகம் பிள்ளையும் பாடல்கள் எழுதியிருக்கிறார்.

1878-ல் வந்தது 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. எந்த மதத்தவரும் தங்கள் கடவுளை நினைத்துப் பாடும்படி எழுதப்பட்ட பாடல்கள் அவை. தன் மதத்தை அவர் விடவில்லை. அடுத்தவர் மதத்தைத் தாழ்த்தவும் இல்லை.

பஞ்சத்தில் என்ன நடந்தது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. மாயூரத்தில் அவர் கஞ்சித் தொட்டி வைத்து, சொந்தப் பணத்தைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அதைப் பார்த்து நெகிழ்ந்து, 'நந்தனார் சரித்திரம்' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார்.

குறை இல்லையா?

இருக்கிறது. பெண் படிப்பதன் பயனாக நல்ல குடும்பம், நல்ல மனைவி என்பதையே அவர் நிறைய இடங்களில் சொல்கிறார். பெண் தனக்காகப் படிப்பது, வேலைக்குப் போவது எல்லாம் அடுத்த தலைமுறைகள் பேசியவை.

இன்று ஏன் முக்கியம்?

1889 ஜூலை 21-ம் தேதி அவர் காலமானார். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஆனா சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று 2006-ல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டும் அது இன்னும் நிறைவேறவில்லை.

அரசு ஊழியர், ஆசிரியர், நீதித்துறையினர் எல்லோருக்கும் இன்று பாகுபாடு காட்டாமல் நடப்பது பற்றிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அப்படி ஒரு வகுப்பில் வேதநாயகம் பிள்ளை இருந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. நம் முன்னால் வந்து நிற்பவருக்கு நாம் பேசுவது புரிகிறதா?