செவ்வாயின் புழுதியைக் கண்டவர்

செவ்வாய்க் கோளில் கால்வாய்கள் வெட்டப்பட்டுள்ளன எனக் கற்றோரும் நம்பிய காலம் ஒன்றுண்டு. அந்நம்பிக்கையின் வேரை அசைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அந்தோனியாடி. 1870ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த இவர், 1893இல் பிரான்சு சென்று, அறிஞர் பிளமாரியனின் ஜுவிசி வான்காணகத்தில் பணியேற்றார். தொடக்கத்தில் இவர்தம் படங்களிலும் அக்கோடுகள் இடம்பெற்றன.

இடையில் சில ஆண்டுகள் வானைவிட்டு விலகி, அந்நாளில் பள்ளிவாசலாக விளங்கிய ஆயா சோபியாவின் கட்டடக் கலையை ஆராய்ந்து மூன்று தொகுதிகள் எழுதினார். சதுரங்கத்திலும் வல்லவர். எதையும் நுணுகி நோக்கும் பழக்கம் இவ்விரண்டாலும் கூர்மையுற்றது என்றே கருதத் தோன்றுகிறது.

1909இல் மூதோன் வான்காணகத்தின் 83 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி இவருக்குக் கிட்டியது. செப்டம்பர் 20ஆம் நாளிரவு வானம் அசைவற்றுத் தெளிந்திருந்தது. நேர்கோடுகளைக் காணோம், ஒழுங்கற்ற திட்டுகளே தெரிந்தன. தாம் வரைந்ததைத் தாமே மறுத்தார். புலமையுலகில் இத்துணிவு அரிது.

அவ்வாண்டிலேயே கோளின் கருநிறப் பகுதிகளை மஞ்சட்படலம் மறைத்ததையும் கண்டார். பாலைநிலப் புழுதியைக் காற்று வாரியெழுப்புகிறது என்பது அவர் துணிபு. செவ்வாய் ஞாயிற்றை நெருங்கும் பருவத்தில் இப்படலங்கள் மிகுவதையும் அவர் குறித்தார். அக்கோளின் தொலைவு 24.9 கோடி கிலோமீட்டரிலிருந்து 20.7 கோடியாகக் குறையும்போது, அது பெறும் ஞாயிற்றொளி ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுகிறது. வெப்ப வேறுபாடு காற்றை முடுக்குகிறது.

ஆயினும் அங்குள்ள காற்றழுத்தம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. இத்துணை மெலிந்த காற்று புழுதியை எவ்வாறு எழுப்பும்? நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பவை, எளிதில் எழா. சற்றே பெரிய மணற்பருக்களைத்தான் காற்று முதலில் பெயர்க்கிறது. அவை துள்ளி விழுந்து மோதுகையில் நுண்துகள்கள் தெறித்து மேலேறுகின்றன. ஏறிய புழுதி வெயிலை உறிஞ்சி வளியைச் சூடாக்க, காற்று மேலும் வலுக்கிறது. மேலும் புழுதி எழுகிறது. சில வேளைகளில் கோள் முழுவதும் மூடப்படுகிறது.

1930இல் செவ்வாய் பற்றிய பெருநூலை வெளியிட்ட அந்தோனியாடி, செருமானியர் பிடியிலிருந்த பாரிசில் 1944இல் மறைந்தார். 1971 நவம்பரில் மாரினர் 9 விண்கலம் செவ்வாயைச் சென்றடைந்தபோது, தரை தெரியவில்லை. புழுதிக்கு மேல் எரிமலை முகடுகள் சில மட்டும் தலைநீட்டின. தரையைப் படமெடுக்க, அப்புழுதி அடங்கும்வரை விண்கலம் காத்திருக்க நேர்ந்தது.