ரயில்வே வேலையை விட்டு புரொஜெக்டரைத் தூக்கியவர்: யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

பேரையூரில் மதுரை பஸ் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, மொபைலில் 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தைப் போடுங்கள். பஸ்டர் கீட்டன் 1924-ல் எடுத்த துப்பறியும் காமெடி. வசனமே கிடையாது. முக்கால் மணி நேரம்தான் என்பதால், மதுரை வருவதற்குள் முடிந்துவிடும்.

அதில் ஹீரோ ஒரு புரொஜெக்டர் ஆபரேட்டர். படத்தை ஓட்டிக்கொண்டே தூங்கிப்போய், கனவில் துப்பறிவாளராக மாறுகிறார்.

நம்ம ஊரிலும் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று கனவு கண்ட ஒருவர் இருந்தார். அவர் தூங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழு வருஷ சம்பளம்

சாமிக்கண்ணு வின்சென்ட் பிறந்தது 1883-ல், கோவையில். திருச்சியில் ரயில்வே வேலை. சம்பளம் மாதம் 25 ரூபாய் என்கிறார்கள்.

1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகக் குறும்படங்கள் காட்டிக்கொண்டு திருச்சி வந்தார். வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போக, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப முடிவு செய்தார். விலை சுமார் 2,000 ரூபாய். கிட்டத்தட்ட ஏழு வருஷ சம்பளம்!

வின்சென்ட்டுக்கு வயது 22. ரயில்வே வேலையை விட்டுட்டு யாராவது இப்படி இறங்குவாங்களா? அவர் இறங்கினார். பணத்தைப் புரட்டி மொத்தமாக வாங்கிக்கொண்டார்.

டென்ட் போட்ட இடமெல்லாம் தியேட்டர்

அவர் கையில் இருந்தவை சில நிமிடங்களே ஓடும் மௌனப் படங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் அதில் ஒன்று. டென்ட் அடித்துக் காட்டினார். கூட்டம் வந்தது. அடுத்த ஊருக்குக் கிளம்பினார். தமிழ்நாட்டோடு நிற்கவில்லை, வடக்கே லாகூர், பெஷாவர், கிழக்கே ரங்கூன் வரை அந்தப் பயணம் போனது. பிற்காலத்தில் நம் தாத்தா பாட்டி மணலில் உட்கார்ந்து படம் பார்த்த டூரிங் டாக்கீஸுக்கு இதுதான் முன்னோடி.

1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று அது. மின்சாரத்தில் இயங்கும் அச்சகமும் நடத்தினார்.

1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. மௌனப் படத்தால் வளர்ந்த பலர் அதோடு காணாமல் போனார்கள். வின்சென்ட் பேசும் படத்துக்கும் மாறினார். கல்கத்தா பயனீர் நிறுவனத்தோடு சேர்ந்து, டி.பி.ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமணம்' படத்தை 1933-ல் கொண்டுவந்தார். படம் நன்றாக ஓடியது. 1942-ல் காலமானார்.

இப்போது ஏன் இந்தக் கதை?

கீட்டன் படம் 100 வருஷம் கழித்தும் நம் பாக்கெட்டில் இருக்கிறது. யாரோ பிலிமைப் பத்திரப்படுத்தியதால். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஒரு பிரதிகூட இல்லை. வின்சென்ட்டின் பெயரைத் தேடினாலும் ஞாபகமாக மிஞ்சுவது கோவையின் வெரைட்டி ஹால் ரோடுதான்.

அடுத்த முறை அந்தத் தெருவில் நடந்தால், அந்த 22 வயது இளைஞரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பரணில் பழைய பிலிம் ரோல் ஏதாவது கிடந்தால், தயவுசெய்து குப்பையில் போட்டுடாதீங்க.