மூக்கறுப்புப் போர் கண்ட திருமலை நாயக்கர்

நாலு பேர் முன்னால் ஒருவனை அவமானப்படுத்திவிட்டால், அவனை மூக்கறுத்துவிட்டார்கள் என்று சொல்கிறோம். அது வெறும் பேச்சு. ஆனால் சுமார் 370 ஆண்டுகளுக்கு முன், மதுரைச் சீமையில் மெய்யாகவே மூக்கை அறுத்தார்கள். ஒருவர் இருவருக்கு அல்ல. ஊர் ஊராக அறுத்தார்கள்!

அப்போது மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். மகால் கட்டிய அதே மன்னர்தான். அவருடைய ஆட்சியே மூக்கில் தொடங்கி மூக்கில் முடிந்தது என்றால் சிரிப்பு வரும். கதையைக் கேட்டால் சிரிப்பு வராது.

சளியால் மாறிய தலைநகரம்

1623ஆம் ஆண்டு திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தார். அப்போது நாயக்கர்களின் தலைநகரம் திருச்சி. புது மன்னருக்கு மண்டைச்சளி நோய் இருந்தது. மூக்கடைப்பு, தலைபாரம், ஓயாத சளி. அரண்மனை வைத்தியர்கள் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள். நோய் போகவில்லை.

திருச்சியிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் மன்னர் திண்டுக்கல்லில் தங்கினார். அன்று இரவு மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் கனவில் வந்தார்களாம். மதுரையிலேயே தங்கித் திருவிழாக்களை நடத்தினால் நோய் தீரும் என்று சொன்னார்களாம். மறுநாள் காலை பல் துலக்கும்போது சளி விழுந்தது. நோயும் போய்விட்டது என்பது மதுரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

கதை எப்படியோ, தலைநகரம் மதுரைக்கு வந்தது. 1636இல் மகால் எழுந்தது. அதன் தூண்களை இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. 1645இல் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டப்பட்டது. கோயிலுக்கு எதிரே புதுமண்டபம் வந்தது. மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் சித்திரையில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெருவிழா ஆனது அவர் காலத்தில்தான். அழகை விரும்பிய மன்னர்!

சாக்கு சாக்காக மூக்கு!

வயது ஏறியது. மன்னர் நோயில் படுத்தார். 1656ஆம் ஆண்டு வாக்கில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசர் சமயம் பார்த்துப் படையை ஏவினார். சத்தியமங்கலத்தை அடித்துக்கொண்டு அந்தப் படை மதுரையை நோக்கி வந்தது.

வழியில் கண்டவர்களை எல்லாம் பிடித்து மூக்கை அறுத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. ஆண்களுக்கு மேலுதட்டையும் மீசையோடு சேர்த்து அறுத்தார்கள். அறுத்த மூக்குகளைச் சாக்கில் கட்டி மைசூருக்கு அனுப்பினார்கள். எத்தனை மூக்கு கொண்டுவந்தான் என்று எண்ணிச் சிப்பாய்க்குப் பரிசு! அந்தக் காலத்தில் இங்கே இருந்த ஏசுசபைப் பாதிரிமார் தங்கள் கடிதங்களில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

உயிரை எடுத்திருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். மூக்கை எடுத்தால் அவன் வாழ்நாள் எல்லாம் முகத்தை மூடிக்கொண்டு திரியவேண்டும். சூர்ப்பணகை கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டுமா?

படுக்கையில் கிடந்த மன்னருக்கு எழுந்திருக்க முடியவில்லை. அரசியார் இராமநாதபுரம் ரகுநாத சேதுபதிக்கு ஓலை அனுப்பினார். முன்னொரு காலத்தில் இதே மதுரைப் படைதான் சேது நாட்டின் மேல் போர் தொடுத்தது. சேதுபதி அதை நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மறவர் படை 25,000 பேரைத் திரட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடிவந்தார். மதுரைப் படையும் சேர்ந்துகொண்டது. மைசூர்ப் படை தோற்றுத் திண்டுக்கல் பக்கம் ஓடியது. அங்கிருந்தும் விரட்டப்பட்டு மலை ஏறியது.

நெற்றித் தோலில் ஒரு மூக்கு

போர் முடிந்தது. போன மூக்கு திரும்புமா?

திரும்ப வைக்கும் கலை நம் நாட்டிலேயே இருந்தது! கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு ஒட்டும் முறையைச் சுசுருதர் என்ற பழைய வைத்தியர் சொல்லியிருக்கிறார். பின்னாளில் நெற்றித் தோலை எடுத்து ஒட்டினார்கள்.

அதற்குச் சாட்சி காவஸ்ஜி. இவர் ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கும் போயிற்று, ஒரு கையும் போயிற்று. ஓராண்டு மூக்கில்லாமல் இருந்தார். பிறகு புனே பக்கத்தில், மண் பிசைந்து செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார்.

மெழுகில் ஒரு மூக்கு செய்து முகத்தில் வைத்துப் பார்த்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். கோட்டின் வழியே தோலை அறுத்து, புருவ நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டு, கீழே திருப்பி மூக்கிருந்த இடத்தில் பொருத்தினார். புருவ நடுவில் ஏன் விட்டார்? அந்தத் துண்டு வழியாகத்தான் புது மூக்குக்கு இரத்தம் வரவேண்டும். ஒட்டிய இடத்தில் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவிப் போட்டார். நாலு நாளைக்குப் பின் நெய்த்துணி. சுமார் 25 நாள் கழித்து, ஒட்டியிருந்த துண்டை அறுத்துச் சீர்செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது!

பம்பாயின் ஆங்கில டாக்டர்கள் கண்ணால் பார்த்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்து, 1814இல் கார்ப்யூ என்ற டாக்டர் லண்டனில் அப்படியே செய்து வெற்றி பெற்றார். நெற்றித் தோல் முறை இன்றும் உலகமெங்கும் இருக்கிறது. புற்றுநோயாலோ விபத்தாலோ மூக்கை இழந்தவருக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். புருவ நடுத் துண்டை மூன்று வாரம் பொறுத்துத்தான் வெட்டுகிறார்கள்.

அழகுக்காகச் செய்வது என்றால்

மூக்கை இழக்காதவர்களும் இப்போது அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடுகிறவர்களும் உண்டு. அது சரியான கணக்கு இல்லை. கண்ணைச் சுற்றிய வீக்கமும் கருப்பும் இரண்டு மூன்று வாரத்தில் வடியும். மூக்கின் உள்வீக்கம் முழுவதும் வடிந்து நிஜ வடிவம் தெரிய ஓராண்டு ஆகலாம்.

எலும்பு வளர்ந்து முடியுமுன் கத்தி வைக்கக் கூடாது. பெண்ணுக்குப் பதினைந்து பதினாறு, பையனுக்குப் பதினேழு பதினெட்டு வயதாவது ஆகட்டும். சிலருக்கு இரண்டாம் முறையும் ஆபரேஷன் தேவைப்படும். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் சொல்லவேண்டும். சில மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுக்கும். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் பல வாரங்களுக்கு முன்பே விடவேண்டும். புகை பிடித்தால் புண் ஆறாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மூச்சு. மூக்கடைப்பும் மண்டைச்சளியும் இருப்பதை மறைத்துவிட்டு வெளி அழகை மட்டும் செதுக்கச் சொன்னால், பார்க்க நன்றாக இருக்கும். மூச்சு விடத் திணறும். மூக்கின் உள்சுவர் வளைந்திருக்கிறதா என்று டாக்டர் முதலில் பார்க்கட்டும். திருமலை நாயக்கரைத் திண்டுக்கல் வரை படுத்தியது மூக்கின் அழகா என்ன?

பழிக்குப் பழி

மன்னர் கதைக்கு வருவோம். சேதுபதிக்கு அவர் பரிசுகளை அள்ளிக் கொடுத்தார். கப்பம் கட்டவேண்டாம் என்றார். தம் பெயரையே சூட்டித் திருமலை சேதுபதி ஆக்கினார். ராணி சொல் காத்தார் என்ற பட்டமும் கிடைத்தது. மதுரையில் நடப்பதுபோல் இராமநாதபுரத்திலும் நவராத்திரி நடத்திக்கொள்ளும் உரிமை கொடுத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். மன்னரின் மனம் ஆறவில்லை. தம்பி குமாரமுத்துவைப் படையோடு மைசூருக்கு அனுப்பினார். மதுரைப் படையும் அங்கே போய் மூக்குகளை அறுத்தது. மைசூர் நாட்டு உழவன் மதுரைக்காரனுக்கு என்ன கெடுதல் செய்தான்? ஏவியவர் அரண்மனையில் இருந்தார்; அறுபட்டவன் வயலில் நின்றான். மைசூர் மன்னரின் மூக்கே அறுபட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நம்புவது கஷ்டம்.

1659ஆம் ஆண்டு திருமலை நாயக்கர் காலமானார். அதே ஆண்டில் கண்டீரவ நரசராசரும் இறந்தார்.