நாலணாவும் ஒரு மண்குடமும்

ஆன்மிக வாழ்வில் ஈடுபட்டோரிடம் ஓர் ஐயம் அடிக்கடி எழுவதுண்டு. மனம் இன்னும் தூய்மை பெறவில்லை. ஜபமும் தியானமும் கைகூடவில்லை. கையில் பொருளும் இல்லை. இந்நிலையில் பிறருக்குச் சேவை செய்ய நமக்குத் தகுதி உண்டா என்பதே அந்த ஐயம். பணிவைப் போலத் தோன்றும் இது, பல வேளைகளில் ஒரு நற்பணியைத் தொடங்க விடாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடச் செய்துவிடுகிறது. ஸ்ரீராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்களுள் ஒருவரான சுவாமி அகண்டானந்தரின் வாழ்க்கை இந்த ஐயத்திற்குத் தெளிவான விடை தருகிறது.

1864-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த அவரது பூர்வாசிரமப் பெயர் கங்காதரர். இளமையிலேயே ஆசார அனுஷ்டானங்களில் மிகுந்த கண்டிப்பு உடையவர். ஒரே நாளில் பலமுறை கங்கையில் நீராடுவார். தாமே சமைத்த உணவையே உண்பார். எதிலும் ஒரு குறையும் நேர்ந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தட்சிணேசுவரத்தில் அவரைக் கண்ட குருதேவர் அவரது தூய்மையை மதித்தார். எனினும், அந்த வயதுக்கு இத்தகைய கெடுபிடிகள் முதியவர்தன்மையாகப்படுகின்றன என்று அன்புடன் உணர்த்தி, நரேந்திரரிடம் நெருங்கிப் பழகுமாறு பணித்தார். தூய்மை என்பது தன்னைக் காத்துக்கொள்வதோடு முடிந்துவிடுவதில்லை என்னும் பாடம் கங்காதரருக்கு அங்கேதான் தொடங்கியது.

1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அடுத்த ஆண்டே கங்காதரர் இமயத்தை நோக்கிப் புறப்பட்டுத் திபெத் வரை சென்றார். துறவறம் ஏற்று அகண்டானந்தர் ஆனார். பின்னர் குஜராத்தில் ஜாம்நகரில் ஜண்டு பட் என்னும் மருத்துவரின் இல்லத்தில் சிலகாலம் தங்கினார். ஏழை நோயாளிகளுக்காகத் தம் பொருளையெல்லாம் செலவிட்ட அந்த இல்லறத்தாரின் வாழ்வு துறவியின் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது.

1894-இல் ராஜபுதனத்தின் கேத்ரியில் இருந்தபோது, குடிமக்களின் வறுமையும் கல்வியின்மையும் அவரை வாட்டின. மலைகளில் தனித்துத் தவம் செய்யப் புறப்பட்ட துறவி இதில் ஈடுபடலாமா? அமெரிக்காவில் இருந்த சுவாமி விவேகானந்தருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். சுவாமிஜியிடமிருந்து உற்சாகமான அனுமதி வந்தது. அகண்டானந்தர் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் மன்றாடினார். பள்ளியில் 80-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 257-ஆக உயர்ந்தது.

எனினும் அவரது வாழ்வின் பெருந்திருப்பம் 1897-இல்தான் நேர்ந்தது. அவ்வாண்டு வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தைப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. கங்கைக் கரையோரமாக யாத்திரை சென்றுகொண்டிருந்த அவர் தாத்பூர் என்ற சிற்றூரை அடைந்தார். அங்கே கந்தலுடுத்திய ஓர் ஏழை முஸ்லிம் சிறுமி உடைந்த குடத்தின் அருகே அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் வேறு பாத்திரம் இல்லை. தாய் அடிப்பாளே என்ற அச்சம். சுவாமிகளிடம் இருந்ததோ நாலணா. அவளைக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு குடமும் கொஞ்சம் அவலும் வாங்கிக் கொடுத்தார். அதற்குள் பசித்த குழந்தைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மீதிக் காசுக்கும் அவல் வாங்கி அவர்களுக்குப் பகிர்ந்தளிக்கச் செய்தார். கை வெறுமையாயிற்று. சற்றுத் தொலைவில் ஆதரவற்று நோயில் கிடந்த மூதாட்டி ஒருத்தியைக் கண்டு அவளுக்கும் பணிவிடை செய்தார்.

வழிநெடுக இதே காட்சிகள். மஹுலா என்ற ஊரை அடைந்தபோது அவர் முன் இரு வழிகள் இருந்தன. யாத்திரையைத் தொடரலாம், அதில் எந்தக் குற்றமும் இல்லை. பணமோ, உதவியாளர்களோ, அனுபவமோ இல்லாத ஒரு பரதேசித் துறவி பஞ்சத்தின் முன் என்ன செய்துவிட முடியும்? தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டால், நம்பி வந்தவர்களின் கதி என்ன? இக்கேள்விகள் எதற்கும் அன்று அவரிடம் விடை இல்லை. ஆனால் அந்த மக்களை விட்டு மேலே செல்ல அவரது கால்கள் மறுத்தன. அங்கேயே தங்கினார். நிலைமையை விளக்கிச் சகோதரத் துறவியருக்குக் கடிதங்கள் எழுதினார்.

கல்கத்தாவில் 1897 மே 1-ஆம் நாள்தான் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கப்பட்டிருந்தது. துறவியர் இத்தகைய பணிகளில் ஈடுபடுவது குருதேவரின் நெறிக்கு ஏற்றதுதானா என்ற கேள்விகூட அங்கே எழுந்திருந்தது. அந்த விவாதம் ஓய்வதற்குள், மே 15-ஆம் நாள், மஹுலாவில் அரிசி வழங்கும் பணி தொடங்கிவிட்டது. சுவாமிஜி மகிழ்ந்து ஊக்கமளித்தார். மடத்திலிருந்து பணமும் துணைக்கு இருவரும் வந்து சேர்ந்தனர். அரசு அதிகாரியும் உதவினார். மிஷனின் முதல் பஞ்ச நிவாரணப் பணி இவ்வாறே உருவாயிற்று. உதவிகள் யாவும் அவர் அங்கே தங்கத் துணிந்த பின்னரே வந்தன என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

பஞ்சம் அனாதைகளை விட்டுச் சென்றது. அவர்களை ஏற்று அவ்வாண்டே ஓர் அனாதை இல்லத்தைத் தொடங்கினார். முதலில் வந்த குழந்தைகள் மிகச் சிலரே. சொந்த இடமும் கிடையாது. 1913-இல்தான் ஆசிரமம் சர்காச்சியில் சொந்த நிலத்திற்கு மாறியது. குழந்தைகள் படிப்போடு நெசவும் தச்சும் கற்றனர். முறையான கட்டடம் அமையட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால், அந்தப் பதினாறு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் துணை?

1934-இல் அவர் ராமகிருஷ்ண மடம், மிஷன் ஆகியவற்றின் மூன்றாம் தலைவரானார். அப்போதும் சர்காச்சியே அவரது இருப்பிடம். கிராம மக்களுக்கு அவர் என்றும் பாபாவே. 1937 பிப்ரவரி 7-ஆம் நாள் உடலை உகுத்தார்.

நெருப்பைப் புகை சூழ்வது போல எல்லாச் செயல்களையும் ஏதேனும் ஒரு குறை சூழ்ந்தே இருக்கும் என்பது கீதை உணர்த்தும் உண்மை. ஆகவே குறையற்ற செயலுக்காகக் காத்திருப்பவன் செயலற்றே இருக்க நேரிடும். இதற்காகச் சாதனையைக் கைவிட வேண்டும் என்பதில்லை. அகண்டானந்தர் தவத்தைத் துறந்து சேவைக்கு வரவில்லை. மனிதரில் உறையும் நாராயணனை வழிபடுவதே அவரது தவமாயிற்று. சித்தசுத்தி கிட்டிய பின் சேவை என்று நாம் எண்ணுகிறோம். சேவையினாலேயே சித்தசுத்தி கிட்டுகிறது என்பதை அவரது நாற்பதாண்டுப் பணி காட்டுகிறது.

நம் தெருவிலும் உடைந்த குடத்தின் அருகே யாரோ அழுதுகொண்டிருக்கக் கூடும். நம்மிடம் இருப்பது நாலணாவாகவே இருக்கலாம். அதைக் கொண்டு இன்றே தொடங்கும் துணிவைக் குருதேவர் நமக்கு அருள்வாராக!