இன்னொரு போப்

போப் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் படித்த யாருக்கும் ஜி.யு. போப் ஐயர்தான் நினைவுக்கு வருவார். 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த பெருமகனார் அவர். நான் இங்கே எழுதுவது இன்னொரு போப்பைப் பற்றி. இவருக்கும் தமிழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவர் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர். தன் இனத்தில் எஞ்சி நின்ற கடைசி மனிதரிடம் வில்வித்தை கற்றவர்.

இவரை நான் அறிந்தது அம்பெய்தல் வழியாகத்தான். பல்கலைக்கழகத்தில் புறப்பாட நடவடிக்கையாக அதைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் கைக்கு வந்தவை காம்பவுண்ட் வில்கள். இரு முனைகளிலும் சக்கரங்கள் இருக்கும். நாணோடு சேர்ந்து வடங்களும் ஓடும். நாணை முழுதாக இழுத்துப் பிடித்த பிறகு கை தாங்க வேண்டிய பாரம் பெருமளவு குறைந்துவிடும். மிசௌரி மாநிலத்தின் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. நாங்கள் எய்ததெல்லாம் காகித இலக்கை நோக்கித்தான். அம்புகளும் ஒடுங்கிய முனை கொண்டவைதாம். ஆனால் இந்த வில்லைப் பற்றிய நூல்களைப் புரட்டினால் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருப்பது வேறொரு தலைவலியைப் பற்றி. அதுதான் பிராட்ஹெட் எனப்படும் அகன்ற வேட்டை முனை.

சிக்கல் இதுதான். அம்பின் பின்புறச் சிறகுகள் காற்றைப் பிடித்து அம்பை நேராக்குகின்றன. முன்னால் கத்திபோல் அகன்ற அலகுகளைப் பொருத்திவிட்டால் அவையும் சிறகுகளாகிவிடுகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் இழுபறி. வில்லை விட்டு அம்பு இம்மியளவு சாய்ந்து கிளம்பினாலும் போதும். ஒடுங்கிய முனையில் அந்தக் குறை வெளியே தெரியாது. அகன்ற முனை அதைப் பெரிதாக்கி அம்பை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். ஆகவே இருவகை அம்புகளையும் ஒரே தூரத்திலிருந்து எய்து பார்ப்பார்கள். வேட்டை முனை வலப்பக்கம் விலகினால், அம்பு தாங்கியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இடப்பக்கம் நகர்த்துவார்கள். மறுபடி எய்வார்கள், மறுபடி நகர்த்துவார்கள். இரண்டும் ஓரிடத்தில் குத்தும்வரை இந்த வேலை ஓயாது. அதற்கும் முன்னால், சக்கரங்கள் இரண்டும் ஒருசேரச் சுழல்கின்றனவா, முனை தண்டோடு ஒரே நேர்கோட்டில் அமர்ந்திருக்கிறதா, தண்டின் விறைப்பு வில்லின் வலிவுக்கு ஏற்றதா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். இத்தகைய பொறுமையை ஏட்டில் முறையாக எழுதிவைத்த முன்னோடிகள் யார் என்று தேடிப் போனபோது, திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்ட பெயர் சாக்ஸ்டன் போப்.

அவர் 1875-இல் டெக்சாஸில் பிறந்தார். தந்தை இராணுவ மருத்துவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். வாட்சன்வில் என்ற சிற்றூரில் சில காலம் தொழில் செய்தபின், 1912-இல் சான் பிரான்சிஸ்கோவில் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளிக்கு அறுவை மருத்துவம் கற்பிக்க வந்தார். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகம் இருந்தது. அதில் பொருள்களோடு பொருளாக ஒரு மனிதரும் குடியிருந்தார். அவர்தான் இஷி.

இஷி யாகி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். 1849-இல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குப் பின் குடியேறியவர்கள் அந்த மக்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். தப்பிய ஒருசிலர் டியர் கிரீக் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்து, ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1911 ஆகஸ்டில் ஒரோவில் ஊரின் இறைச்சிக் கூடத்தருகே பசியோடு வந்து நின்ற இஷிக்கு அப்போது ஏறக்குறைய 50 வயது. அவர் மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. வாட்டர்மன் என்ற மானிடவியலாளர் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றை எடுத்துச் சென்று ஒவ்வொன்றாக வாசித்தார். கட்டில் சட்டத்தைத் தட்டி, பைன் மரத்துக்கான சிவினி என்ற சொல்லைச் சொன்னபோதுதான் இஷியின் முகம் மலர்ந்ததாம். ஒரே ஒரு சொல்! தாய்மொழியை வீட்டுக்குள் மட்டுமே கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இஷி என்பதும் அவருடைய இயற்பெயர் அன்று. மனிதன் என்றுதான் அதற்குப் பொருள். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கமில்லை. உண்மைப் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

போப் அவருக்கு மருத்துவரானார், பிறகு நண்பரானார். இஷி அவரைக் குவி, அதாவது மருந்துக்காரர், என்று அழைத்தார். அறுவை மருத்துவத்தைவிடப் போப் செய்து காட்டிய கைவித்தைகள்தாம் இஷியின் மதிப்பைப் பெற்றுத் தந்தன என்று படித்தபோது சிரித்துவிட்டேன்.

வில் விஷயத்தில் உறவு தலைகீழானது. அங்கே இஷிதான் ஆசிரியர். அவருடைய வில் மலை ஜூனிப்பர் மரத்தாலானது. முதுகில் விலங்கு நரம்பு ஒட்டப்பட்டது. நீளம் 42 அங்குலம். இழுவை ஏறக்குறைய 45 பவுண்டு. அம்புத் தண்டைத் தணலில் காட்டி, சூட்டோடு வளைத்து நிமிர்த்துவார். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பார்; திருப்தி இல்லையென்றால் மீண்டும் தணலுக்குப் போகும். முன்பகுதியில் கனமான வேறு மரத்துண்டைச் செருகி, மூன்று இறகுகள் கட்டி, மான் கொம்பால் சில்லுச் சில்லாகப் பெயர்த்துச் செய்த எரிமலைக் கண்ணாடி முனையைப் பிசினாலும் நரம்பாலும் இறுக்குவார். போப் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக்கொண்டார். பெரிய வட்ட இலக்கில் இஷி அப்படியொன்றும் சிறந்த வில்லாளர் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். காடை அளவுள்ள இலக்கு என்றால் கதையே வேறு. 1914-இல் குரோபர், வாட்டர்மன், போப், அவருடைய சிறு வயது மகன் ஆகியோர் இஷியோடு டியர் கிரீக் பள்ளத்தாக்குக்கே சென்று தங்கினார்கள். தன்னவர் எல்லாரும் மாண்ட இடத்துக்குத் திரும்ப இஷிக்கு முதலில் மனமில்லை.

1915 கோடையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் இஷியோடு அமர்ந்து அவர் மொழியைப் பதிவு செய்தார். அந்த ஆண்டே காசநோய் முற்றியது. 1916 மார்ச் 25-ஆம் நாள் இஷி இறந்தார்.

இங்கேதான் போப்பின் வாழ்க்கையில் எனக்கு நெருடுகிற இடம் வருகிறது. அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான குரோபர் அப்போது நியூயார்க்கில் இருந்தார். உடலை அறுக்கக்கூடாது என்று அங்கிருந்து கடிதம் எழுதினார். ஆயினும் மருத்துவமனையில் பிணப் பரிசோதனை நடந்தது. மூளை தனியே எடுத்து வைக்கப்பட்டது. 1920-இல் இஷியின் மருத்துவ வரலாற்றை வெளியிட்ட போப், அந்தப் பரிசோதனை முடிவுகளையும் அதில் சேர்த்தார். வில், 5 அம்புகள், ஒரு கூடை ஓக் விதை மாவு ஆகியவற்றோடு உடல் எரியூட்டப்பட்டது. ஏகலைவன் கதையில் குரு சீடனிடம் கட்டைவிரலைக் கேட்டார். இங்கே குருவிடமிருந்து, அவர் கேட்கவும் மறுக்கவும் முடியாத நிலையில், எடுத்துக்கொண்டார்கள். போப் கல்நெஞ்சர் அல்லர். நண்பனை இழந்த துயரம் அவருக்கு இருந்தது. மருத்துவப் பழக்கம் அதைவிட வலிதாக இருந்திருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

யாகி வில்வித்தை பற்றிய அவர் நூல் 1918-இல் வந்தது. 1923-இல் வில் அம்புகள் பற்றிய ஆய்வு நூல் வந்தது. அருங்காட்சியகத்தில் இருந்த பல நாட்டு வில்களை எடுத்து எய்து பார்த்து எழுதியது அது. எனக்கு மிகவும் பிடித்தது வேட்டை முனைச் சோதனை. ஒரு பெட்டியின் இரு பக்கங்களில் மான் தோலை அடித்து, உள்ளே மாட்டு ஈரலை நிரப்பி, 10 கஜத்திலிருந்து எய்தார். இரு அம்புகளும் இஷி செய்தவை. எடையிலும் இறகிலும் ஒன்றே. ஒன்றில் இரும்பு முனை, மற்றதில் கண்ணாடிக் கல் முனை. இரும்பு 22 அங்குலம் சென்றது, கல் 30 அங்குலம் சென்றது. இன்னொரு முறை பழைய சங்கிலிக் கவசம் ஒன்றைச் சோதித்தார். அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் அதை அணிந்துகொண்டு எதிரில் நிற்க முன்வந்தார். நல்லவேளை, போப் மறுத்துவிட்டார். பெட்டியின்மேல் போர்த்தி எய்தபோது, அம்பு பொறி பறக்கக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு போனது!

இஷிக்குப் பின் போப் ஆங்கில நெடுவில்லுக்கு மாறினார். எஃகு வேட்டை முனைகளைத் தாமே செய்து அரத்தால் தீட்டினார். அகன்ற முனையை அடக்கப் பெரிய வான்கோழி இறகு வேண்டும் என்று எழுதினார். இன்றைய நூல்களும் அதையே சொல்கின்றன. தோழர் ஆர்ட் யங்கோடு 1920-இல் யெல்லோஸ்டோன் சென்று, அருங்காட்சியகக் காட்சிக்காகக் கரடிகளை வீழ்த்தினார். அந்தப் பக்கங்களை என்னால் மகிழ்ச்சியோடு படிக்க முடியவில்லை. 1925-இல் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டை. அங்கே பலமுறை துப்பாக்கி துணைக்கு வர வேண்டியிருந்தது. மறு ஆண்டு நிமோனியாவில் இறந்தார். வயது 50. 1961-இல் அமெரிக்க வில் வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கத்துக்குப் போப், யங் இருவர் பெயரையும் வைத்தார்கள். இஷியின் பெயர் அதில் இல்லை.

இஷியின் மூளையைக் குரோபரே 1917-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார். பல்லாண்டு தேடலுக்குப் பிறகு 2000-ஆம் ஆண்டு அது யானா வழியினர் வாழும் ரெடிங், பிட் ரிவர் பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதை இஷியின் சாம்பலோடு சேர்த்து, அவருடைய மண்ணிலேயே புதைத்தார்கள். எந்த இடம் என்று வெளியாருக்குச் சொல்லவில்லை.